வேடந்தாங்கல் கவுலுக்கு முன்னே

வேடந்தாங்கலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சரித்திரப் பகுதிக்கு வந்தவுடன் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரின் பெயரைச் சொல்லித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கும்பினிச் சிப்பாய்கள் சிலர் அந்த ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்றும், ஊரார் திரண்டு சென்று முறையிட்டதன்பேரில், செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராயிருந்த லியோனல் பிளேஸ் துரை, இனி இப்பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்று 1798-ஆம் ஆண்டை ஒட்டிக் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்றும் கூறுவார்கள். நல்ல கதைதான். ஆனால் பட்சிகளைச் சுட்டதற்காக ஒரு கிராமமே ஆளுவோர் முன் போய் நின்றதென்றால், அந்தக் கோபம் கவுலுக்கு முந்தியதல்லவா? அதன் மூலம் எது என்று அறியும் ஆவல் என்னை விடவில்லை.

அதைத் தேடி நான் முதலில் சென்ற இடம் வேடந்தாங்கல் அன்று, மதுராந்தகம். பிளேஸ் துரையின் ஞாபகம் இன்றும் ஜனங்களின் நாவில் இருப்பது அங்கேதான். அடிக்கடி உடைந்துகொண்டிருந்த பெரிய ஏரியை அவர் மராமத்துச் செய்தார். அடைமழை பெய்த ஓர் இரவில் கரை என்னவாகுமோ என்று பார்க்கச் சென்றவருக்கு, வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்கும் காட்சி கிட்டிற்று. அதன் பயனாகத் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்பது ஏரி காத்த ராமர் கோயிலின் ஐதீகம். துரைக்கு ராமதரிசனம் கிடைத்ததா என்று ஆராய்வது என் வேலை அன்று. என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. விளைச்சலில் பங்கைத் தீர்வையாகக் கொண்ட அக்காலத்துச் சர்க்காருக்கு, ஏரி உடைந்தால் கஜானாவும் உடைந்தது என்றே பொருள். ஆகவே ஏரியின் க்ஷேமத்தில் குடியானவனுக்கு இருந்த அக்கறைக்குச் சற்றும் குறையாத அக்கறை கலெக்டருக்கும் இருந்தது. ஏரியில் கண்ணாயிருந்த அந்த மனிதரிடம் ஏரிப் பறவைகளுக்காக முறையிட்டவர்கள் ஆளறிந்துதான் முறையிட்டிருக்கிறார்கள்.

பின்னர் ஒரு மார்கழிக் காலையில் வேடந்தாங்கல் கரையில் நின்றேன். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பிய பிறகு, இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், வக்கா எனப் பல ஜாதிப் பறவைகள் நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சூழ்ந்த நீரே பூனைக்கும் நரிக்கும் அகழியாகிவிடுகிறது. தூரதிருஷ்டிக் கண்ணாடி கொண்டுவந்தவர்கள் அனைவரும் மரங்களையே நோக்கிக்கொண்டிருக்க, நான் மதகுப் பக்கமாக இறங்கினேன்.

அங்கே வரப்பில் நின்ற முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பறவை எச்சம் கலந்த தண்ணி ஐயா இது. எங்க பாட்டன் காலத்துல இதைப் பாய்ச்சினா வேற எரு வேண்டாம்பாங்க" என்றார். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் மாதக்கணக்கில் நீரில் விழ, அதிலுள்ள தழைச்சத்து மதகு வழியாக நேரே நெல் வயலை அடைகிறது. மீனும் நத்தையும் தின்னப் பறவைகள் சுற்றுவட்டாரத்து நீர்நிலைகளுக்கெல்லாம் போகின்றன. எருவை மாத்திரம் இந்த ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சுடப்பட்ட ஒவ்வொரு நாரையும் ஆயக்கட்டுக்கு நஷ்டம் என்பதை அக்காலத்து ஊரார் அறிந்திருந்தார்கள். கவுலின் மூலம் இந்த மதகடியில் இருக்கிறது என்பதே என் துணிபு.

அப்படியாயின் வெறும் லாபம்தானா என்று கேட்கலாம். திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நாற்றத்தையும் கூச்சலையும் பொறுத்துக்கொண்டு, பறவை வந்த ஆண்டே நல்ல ஆண்டு என்று அவ்வூரார் மகிழ்கிறார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவ்வூர்களின் கதையில் எந்தத் துரையும் வருவதில்லை. நீர் நிறைந்தால்தான் பறவை வரும். ஆகையால் பறவை வந்ததென்றால் விளைச்சலும் வரும். இதில் லாபம் எங்கே முடிந்து பிரியம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முயல்வது வீண் வேலை.

சர்க்கார் பிற்பாடு செய்தவை யாவரும் அறிந்தவை: 1936-இல் சரணாலயமென அங்கீகாரம், 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை காப்பெல்லை, 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம். நடுவில் 2020-இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கலாமென்று ஒரு யோசனையும் எழுந்து கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. பறவை இரை தேடுவது கரைக்கு அப்பாலுள்ள வயல்களிலும் ஏரிகளிலும் என்பதை உணர்ந்த எவரும் அத்தகைய யோசனையைச் சொல்லத் துணியார்.

ஆதலால் வேடந்தாங்கலுக்குச் செல்லும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்வேன். கரைமேல் நின்று பறவைகளைக் கண்டு களித்த பின் உடனே வண்டி ஏறிவிடாமல், மதகுக்குக் கீழுள்ள வயல்வெளிக்கும் இறங்கி, அங்கே பயிரிடுபவர்களிடம் சிறிது நேரம் பேசிவிட்டு வாருங்கள்.