சேம அச்சு

நுழையும்முன்

புதுச்சேரி நகரில் ஒரு பழைய மின் சக்கர நாற்காலியின் தேய்ந்த உறுப்புகளை மாற்றிய பட்டறிவைக் கூறும் தன்னனுபவக் கட்டுரை இது. கருவியின் பழுதைத் தேடப் போனவர், அக்கருவியில் அமர்ந்திருந்தவரின் மௌனத்தைப் புரிந்துகொண்ட கதையும் ஆகும்.

கடற்கரைக்குப் போகாத மாலைகள்

மாலை ஆறு மணி ஆனதும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் அந்தச் சாலை நடப்பவர்களுக்கு உரியது. காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடியாடுவார்கள். 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் அருகில் முதியவர்கள் காற்று வாங்குவார்கள். அவர்களுக்கிடையே என் அக்காவும் ஏழு ஆண்டுகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் காலால் நடந்தார்கள். அக்கா மின் சக்கர நாற்காலியில் நடந்தார். "நடந்துவிட்டு வருகிறேன்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவார்.

அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. நான் அப்போது பிறக்கவில்லை. நாடு தழுவிய பல்ஸ் போலியோ இயக்கம் 1995இல் தொடங்கியது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. அக்காவின் தலைமுறைக்கு இவ்விரண்டும் காலங்கடந்து வந்த நற்செய்திகள். இரும்புப் பட்டைகளைக் காலில் பூட்டி, இரு ஊன்றுகோல்களின் துணையால் அவர் பள்ளிக்குப் போனார். அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வும் பெற்றார். இளமையில் போலியோவைத் தாங்கி நின்றவர்களுக்குப் பல்லாண்டுகள் கழித்துத் தசைகள் மீண்டும் தளர்வதுண்டு. அக்காவுக்கும் அவ்வாறே நேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் உடலைச் சுமந்த தோள்கள் முதலில் ஓய்ந்தன.

அந்த வேளையில்தான் மின் சக்கர நாற்காலி வந்தது. எங்கள் மாமா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். எங்கள் ஊரில் அத்தகையோரைச் 'சொல்தா' என்று அழைப்பார்கள். பிரான்சில் குடியேறியிருந்த அவர், அத்தை மறைந்தபின் அத்தை பயன்படுத்திய நாற்காலியைக் கப்பலில் அனுப்பிவைத்தார். 12 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு. பின்சக்கரங்களுக்குத் தனித்தனி மோட்டார். வலக்கைப் பக்கம் ஒரு சிறிய ஜாய்ஸ்டிக். ஒரு விரலின் அசைவால் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள வண்டி நகர்ந்தபோது, அக்கா சிறுபிள்ளைபோல் சிரித்தார்.

எட்டாம் ஆண்டில் அந்தச் சிரிப்பு குறைந்தது. முதலில் கடற்கரைக்குப் போவது வாரத்தில் மூன்று நாளாயிற்று. பிறகு ஞாயிறு மட்டும் ஆயிற்று. பின்பு அதுவும் நின்றது. காரணம் கேட்டேன். "கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, தம்பி" என்றார். அறுபதைக் கடந்தவர், தளர்ந்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். பொழுது போகட்டுமே என்று பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவுகூட ஏற்பட்டது.

கேட்கப்படாத கேள்வி

ஒருநாள் தாழ்வாரத்தில் நின்றிருந்த நாற்காலி இடப்பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டேன். தரை சரிவோ என்று இடம் மாற்றி நிறுத்திப் பார்த்தேன். அங்கும் இடப்பக்கமே சாய்ந்தது. இத்தகைய நாற்காலிகளை விற்கும் கடை ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தேன். "இந்த மாதிரிக்கு உதிரி உறுப்பு கிடையாது. புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். விலையைக் கேட்டுப் பேச்சை முடித்துக்கொண்டேன். அந்த ஆண்டு என் மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

எங்கள் தெருமுனையில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் இளைஞரை அழைத்து வந்தேன். அவர் நாற்காலியைச் சுற்றி வந்து, குனிந்து ஒருமுறை பார்த்தார். நான் சாய்வைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "முதல்ல அக்காகிட்டக் கேட்போம் சார். ஓட்டுறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு அக்காவின் அருகில் தரையில் அமர்ந்து, "அக்கா, எந்த இடத்துல தூக்கிப் போடுது? எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பின் சொல்லத் தொடங்கினார். வீட்டுச் சாய்தளத்தில் இறங்கும்போது 'டக்'கென்று ஓர் ஒலி. வேகத்தடையைக் கடந்தபின் நாற்காலி மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது இடுப்பெலும்பில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். கடற்கரைக்குப் போய்வந்த இரவுகளில் உறக்கம் வராது. ஓர் ஆண்டுக்கு மேலாக இப்படித்தான்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா?" என்றேன்.

"சொன்னால் நீ கடன் வாங்கிப் புது வண்டி வாங்குவாய். படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு" என்றார்.

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். "ஏன் போகவில்லை?" என்று கேட்ட எனக்கு, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தோன்றவில்லை. முதுமையிலும் மனச்சலிப்பிலும் நான் தேடிய காரணம், இருக்கைக்குக் கீழே ஒரு சாண் தொலைவில் இருந்தது.

வில்லும் எண்ணெயும்

மறுநாள் வேலை தொடங்கியது. இணைப்பைத் துண்டித்து மின்கலங்களை வெளியே எடுத்தோம். சட்டத்தின் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, சக்கரங்கள் தரையில் படாதவாறு நிறுத்தினோம். இளைஞர் இடச்சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி அசைத்தார். அது பல் ஆடுவதுபோல் ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற இரும்புத் தண்டு, ஒரு மறையாணியைச் சுற்றி மேலும் கீழும் அசையும். அந்த ஆணிக்கும் தண்டுக்கும் இடையில் 'புஷ்' என்னும் சிறு வளையம் உண்டு. அதன் வட்டத் துளை தேய்ந்து முட்டை வடிவம் கொண்டிருந்தது. அதிர்வுதாங்கியின் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது.

மாணவர்களே, அதிர்வுதாங்கியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சுருள்வில். மேட்டில் சக்கரம் ஏறும்போது வில் அமுங்கி ஆற்றலைத் தன்னுள் தேக்கும். தேக்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பதும் அதன் இயல்பு. ஆகவே, வில் மட்டும் இருந்தால் நாற்காலி துள்ளிக்கொண்டே இருக்கும். மற்றொன்று எண்ணெய் நிரம்பிய உருளை. அதனுள் நகரும் தண்டு எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளும். துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்குபவர் இல்லாத வீடுதான். அக்கா சொன்ன 'மூன்று நான்கு முறை' ஆட்டத்தின் காரணம் இதுவே.

அமர்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை நிகழும் செங்குத்து அதிர்வுக்கு மிகுதியாக ஆட்படுகிறது. கால்கள் வலுவுள்ளவர் மேடு வரும்போது சற்றே எழுந்து கொடுப்பார். பேருந்தில் நாம் அறியாமலே இதைச் செய்கிறோம். அக்காவால் அது இயலாது. சாலை தரும் ஒவ்வோர் அடியும் நேரே அவர் முதுகெலும்புக்குப் போயிற்று.

அரிசி மூட்டையின் பயணம்

பட்டறையில் கிடந்த பழைய ஸ்கூட்டர் அதிர்வுதாங்கிகளைப் பொருத்திப் பார்க்கலாம் என்றார் இளைஞர். பொருத்தினோம். அக்காவை உடனே அமர்த்த அவர் உடன்படவில்லை. இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளை இருக்கையில் வைத்து, கயிற்றால் தளர்வாகக் கட்டி, ஜாய்ஸ்டிக்கைத் தாமே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். சாய்தளத்தின் பாதியில் மேல்மூட்டை முன்பக்கம் சரிந்து விழுந்தது. ஸ்கூட்டரின் உறுப்பு ஒரு சென்டிமீட்டர் நீளம் கூடுதலானது. ஆகவே, பின்பக்கம் உயர்ந்து இருக்கை முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. அங்கே அக்கா அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி என் கைகள் சில்லிட்டன.

விறைப்பும் பொருந்தவில்லை. நீங்கள் இயற்பியலில் படிக்கும், ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இங்கே பயன்பட்டது. விசை எவ்வளவோ அதற்கேற்பவே வில் அமுங்கும்; எந்த விசைக்கு எவ்வளவு என்பது வில்லின் விறைப்பைப் பொறுத்தது. அவ்விறைப்போ கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. பள்ளியிலிருந்து வெர்னியர் அளவியைக் கொண்டுவந்து அளந்தேன். நாற்காலியின் வில் 7 மி.மீ. கம்பி, ஸ்கூட்டரின் வில் 8 மி.மீ. கம்பி. மற்ற அளவுகள் ஒத்திருந்தால், அந்த 1 மி.மீ. வேறுபாடே விறைப்பை ஏறத்தாழ 70 விழுக்காடு கூட்டிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவன எல்லாம் ஒன்றல்ல.

சரியான அளவுகளைக் குறித்துப் பிரான்சிலுள்ள மாமா மகளுக்கு அனுப்பினேன். "ரெண்டு சோடியாக் கேளுங்க சார்" என்றார் இளைஞர். பொங்கலுக்கு வந்தபோது, இனிப்புப் பெட்டிகளுக்கிடையே அவற்றைப் பொதிந்து கொண்டுவந்தார் மாமா மகள். புஷ்களை உள்ளூர் லேத் பட்டறையில் நைலான் தண்டிலிருந்து கடைந்து வாங்கினோம். பாதி பிரான்சு, பாதி புதுச்சேரி. எங்கள் ஊருக்குப் பொருத்தமான கலவைதான்.

ஒருபக்கம் மட்டுமே கெட்டிருந்தும் இருபக்கமும் மாற்றினோம். புதியதும் பழையதும் இணைந்தால் நாற்காலி மீண்டும் சாயும். முறுக்கு நெகிழாதிருக்க நைலான் வளையம் பதித்த மரைகளைப் புதிதாகவே இட்டோம். மீண்டும் அரிசி மூட்டைகள் பயணம் செய்தன. இம்முறை சாய்தளத்தில் இறங்கி, வேகத்தடையில் ஏறி, ஒரே அசைவில் அடங்கி, அமைதியாகத் திரும்பி வந்தன. அன்று மாலை அக்கா புறப்பட்டார். நான் உடன் நடந்தேன். வாய்க்கால் பாலம் வந்தது. அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார்; ஓர் ஆண்டின் பழக்கம் அது. பாலத்தைக் கடந்தபின் மெல்லக் கண் திறந்து, "தாண்டிவிட்டோமா?" என்று கேட்டார்.

சேம அச்சு

இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுக் கைகால் இயக்கம் இழந்த வீரர்களுக்காகக் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியாளர் தம் குழுவினருடன் மின் சக்கர நாற்காலியை உருவாக்கினார். பிறர் தள்ளாமல் தாமே போகும் உரிமையை அது அவர்களுக்குத் தந்தது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. உதவிக் கருவிகள் வழங்குவதையும் அது சமூகப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகக் கூறுகிறது. ஆனால், கருவி கைக்கு வருவதோடு கடமை முடிவதில்லை. கையால் இயக்கும் சக்கர நாற்காலிகளைப் பற்றி உலக நலவாழ்வு அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, இச்சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. எட்டாவது படி, தொடர்ந்து கவனித்தலும் பேணுதலும் பழுதுநீக்கலும் ஆகும். ஏழு படி ஏறியவர்கள் எட்டாவதில் கைவிடப்பட்டால், நாற்காலி மீண்டும் ஒரு சுவராகிவிடும்.

இது நமக்குப் புதிய அறிவன்று. மேடுபள்ளம் நிறைந்த நெடுவழியில் செல்லும் உப்பு வணிகர், வண்டியின் அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டி எடுத்துச் செல்வதைப் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் ஔவையார் காட்டுகிறார். வண்டி புறப்படும்போதே அச்சு முறியக்கூடும் என்று எண்ணியவர்கள் அவர்கள். வகுப்பில் அப்பாடலைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் பொருள், இரண்டாம் சோடி உறுப்பை எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் வைத்த நாளில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று நாற்காலியைக் கட்டைமேல் ஏற்றிச் சக்கரங்களை அசைத்துப் பார்க்கிறேன். எண்ணெய்க் கசிவு உண்டா, ஆணிகள் நெகிழ்ந்துள்ளனவா என்று பார்க்கிறேன். அதற்கு முன்பாக அக்காவின் அருகில் அமர்ந்து, "எங்கேயாவது வலிக்கிறதா, அக்கா?" என்று கேட்கிறேன். சில மாதங்களில் அவர் "இல்லை" என்கிறார். சில மாதங்களில் சற்று யோசித்து, "ஆமாம் தம்பி" என்கிறார்.