செண்பகத்தோப்பு: அண்ணாந்து பார்க்க வேண்டிய காடு!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், அடுத்தது பால்கோவா. இரண்டையும் முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊருக்கு மேற்கே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வந்துவிடும். அங்கேதான் இருக்கிறது செண்பகத்தோப்பு.

வழி நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். தோப்பு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டென்று சொல்லிவிட முடியாது. இந்த ஊரின் முக்கியப் புள்ளிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவர்தான் சாம்பல் நிற மலை அணில்!

நம் வீட்டு முற்றத்தில் ஓடும் அணிலை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது பூனை அளவுக்கு இருக்கும். உடம்பு நீளத்துக்கு வாலும் உண்டு. உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்த இனம் வாழ்கிறது. தரையில் இறங்குவது அபூர்வம். ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவியே காலத்தை ஓட்டிவிடும். அதனால் கிளையோடு கிளை உரசி நிற்கும் மரங்கள் அதற்கு அவசியம். நடுவே நாலு மரத்தை வெட்டினாலும் அதன் பாதை துண்டாகிவிடும்.

இதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து, தமிழகத்தின் 5-வது புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அணிலைப் பார்க்க வேண்டுமா? காலையிலேயே போய்விடுங்கள். உச்சிக் கிளைகளில் இலையும் குச்சியுமாக உருண்டையாக ஒரு கூடு தெரிந்தால், அதன் கீழே சத்தம் போடாமல் நில்லுங்கள். செல்போனில் பாட்டு ஓடினால் அணிலும் ஓடிவிடும்.

காட்டுக்குள்ளே மீன்வெட்டிப்பாறை அருவி, காட்டழகர் கோயில், மலைவாசிகளான பளியர்களின் குடியிருப்பு எல்லாம் உண்டு. பளியர் வீடுகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். அது அவர்கள் வாழும் இடம். நமக்கான கண்காட்சி அல்ல.

அருவி விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. குற்றாலத்துக்கு ஆனி, ஆடியில் சாரல் என்றால், மலையின் கிழக்குச் சரிவான இந்தப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். கோடையில் போனால் பாறைதான் மிஞ்சும். மழைக்காலத்திலோ ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும். இக்கரையில் நீங்கள், அக்கரையில் குழந்தைகள் என்று மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வனத்துறை வழியை மூடியிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுவதே நல்லது. அனுமதி உண்டா, எத்தனை மணி வரை என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் பக்கம் அய்யனார் கோயில் ஆற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். போகும் வழியில் வரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருவது. ஆற்றில் நீங்கள் தேய்க்கிற சோப்பும் ஷாம்புவும் யார் வீட்டுக் குடத்துக்குப் போகும் என்று யோசியுங்கள்.

இந்த மலைத்தண்ணீர் கண்மாய்களை நிரப்பி, மிச்சமிருந்தால் வைப்பாற்றில் சேர்ந்து கிழக்கே மன்னார் வளைகுடா வரை போகிறது. அதே வைப்பாற்றின் கரையில்தான் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022-ல் அங்கே தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. சங்கு விளையும் கடலுக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

மதியத்தில் ஆண்டாள் கோயில் நடை சாத்தியிருக்கும். அதனால் காலையில் காடு, மாலையில் கோயில் என்று வைத்துக்கொள்ளலாம். 11 நிலை ராஜகோபுரம் மாலை வெயிலில் தனி அழகு. அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமா, மதுரைக் கோபுரமா என்ற சர்ச்சையை மட்டும் உள்ளூர்க்காரர்களிடம் கிளப்பிவிடாதீர்கள். பொழுது போய்விடும்!

மதுரை-செங்கோட்டை ரயில்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை ஊர் திரும்பும்போது வாங்குங்கள். காட்டுக்குள் தின்பண்டம் எடுத்துப்போனால் குரங்குகள் பங்கு கேட்கும்.