சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஆபீஸில் மரியாதை கூடிவிடும். டெஸ்பாட்ச் கிளார்க் மாலை போட்டுக்கொண்டு விடுவார். அன்றிலிருந்து அவருக்கு எல்லோரும் சாமி. எல்லோருக்கும் அவர் சாமி. மற்ற மாதங்களில், 'யோவ், அந்த லாரி ரசீது எங்கேய்யா?' என்று கத்துகிற மானேஜர்கூட, 'சாமி, அந்த லாரி ரசீது எங்கே சாமி?' என்று கத்துவார். குரல் அதேதான். சாமி மட்டும் எக்ஸ்ட்ரா.

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு டிரேடிங் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதுகிறவன். மீதி நாள்களில் பத்திரிகைக்கு எழுதுகிறேன். முதல் வேலையில் கற்பனை கூடாது. இரண்டாவது வேலையில் வருமானத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது. பி.காம். படித்தவனுக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

நவம்பர் கடைசியில் ஒரு மத்தியானம். டெஸ்பாட்ச் சாமி தயிர்சாதம். நான் நெத்திலிக் குழம்பு. மரியாதைக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே கேட்டார்.

"சாமி, கிறிஸ்துமஸுக்கு முன்னால உங்க ஆளுங்களுக்கு விரதம் கிரதம் ஏதாவது உண்டா?"

"இருக்கே சாமி. கேக்குக்கு ஆர்டர் குடுக்கணும், ஸ்டார் கட்டணும், குடில் போடணும், புள்ளைக்குக் கவுன் எடுக்கணும்..."

"அது செலவு சாமி. நான் விரதம் கேட்டேன்."

மாட்டிக்கொண்டேன். திருவருகைக் காலம் என்று நாலு வாரம் உண்டு, கோயிலில் சாமியார் ஊதா அங்கி போடுவார், வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம் என்றேன். பிறந்த நாளுக்காக மட்டுமில்லை. இயேசு மறுபடி ஒரு நாள் வரப் போகிறார், அதற்கும் தயாராகிற காலம் அது என்றேன்.

"எப்ப வர்றாராம்?"

"தெரியாது சாமி. யாருக்கும் தெரியாதுன்னு அவரே சொல்லியிருக்கார்."

சாமி டிபன் பாக்ஸை மூடினார். "நாங்க அய்யப்பனைப் பாக்க மலையேறிப் போறோம். அதுக்கே நாப்பத்தோரு நாள் விடியக்காலம் பச்சைத்தண்ணியில குளிக்கிறோம். உங்களுக்கு அவரே வீடு தேடி வர்றார்ங்கறீங்க. தேதியும் சொல்லலைங்கறீங்க. அப்படின்னா நீங்க வருஷம் பூராவும் இல்ல விரதம் இருக்கணும்?"

கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்கு நெத்திலி இறங்கவில்லை.

ஞானஸ்நானம் வாங்கி முப்பத்தைந்து வருஷமாகிறது. இந்தக் கேள்வியை நான் எனக்குள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரோஷம் வந்து, வீட்டில் கிடந்த புத்தகங்களைப் புரட்டினேன்.

கம்பெனிக்கு ஏப்ரல் 1-ல் புது வருஷம் என்றால் எங்கள் சபைக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுதான் புது வருஷம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். டிசம்பர் 16 வரைக்கும் பூசையில் வாசிக்கிறதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாம் வருகையைப் பற்றியும், 'திருந்துங்கள்' என்று பாலைவனத்தில் கத்திய ஸ்நாபக யோவானைப் பற்றியும்தான். தொழுவம், குழந்தை, மாடு, ஆடு எல்லாம் 17-ம் தேதிக்கு மேல்தான் முழுசாக ஆரம்பிக்கும். நாமோ நவம்பரிலேயே மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிடுகிறோம்.

அதைவிட ஆச்சரியம். 5-ம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸில் இருக்கிற டூர் நகரத்துக்கு பெர்பெட்டூவஸ் என்று ஓர் ஆயர். நவம்பர் 11-லிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் உபவாசம் என்று கட்டளை போட்டிருக்கிறார். விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். 44 நாள்! மறுநாள் ஆபீஸுக்கு ஓடினேன்.

"சாமி, எங்களுக்கும் ஒரு காலத்துல மண்டலம் இருந்திருக்கு சாமி. அப்புறம் குறைச்சிட்டாங்க."

"எதை சாமி, அவர் வர்றதையா?"

இந்த மனுஷரிடம் வாய் கொடுக்கக் கூடாது.

தேதி தெரியாத ஒரு வருகைக்கு எப்படித் தயாராகிறது? கணக்கு எழுதுகிறவனுக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆடிட்டர் பதினைந்தாம் தேதி வருகிறார் என்று தெரிந்தால் பதினாலாம் தேதி ராத்திரி உட்கார்ந்து எல்லா வவுச்சருக்கும் நம்பர் போட்டுவிடலாம். நானே போட்டிருக்கிறேன், மூன்று கலர் பேனாவில். சொல்லாமல் வந்தால்தான் வண்டவாளம் தெரியும். அதனாலேயே எல்லோரும் தேதியைக் கண்டுபிடிக்கத் துடிக்கிறோம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்கிற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 என்று தேதியே குறித்துவிட்டார்கள். அறுவடையைக்கூட அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. 23-ம் தேதி வழக்கம்போலப் பொழுது விடிந்தது. பயிர் வயலில் நின்றது.

மாற்கு எழுதிய நற்செய்தியில் 13-வது அதிகாரத்தில் ஒரு குட்டிக் கதை வரும். வீட்டுக்காரர் வெளியூர் போகிறார். வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு வேலையை ஒப்படைத்துவிட்டு, வாசல்காரனிடம் விழித்திரு என்று சொல்லிவிட்டுப் போகிறார். சாயங்காலம் வரலாம், நடுராத்திரி வரலாம், கோழி கூவுகிற நேரம் வரலாம், காலையில் வரலாம். யாரையும் மொட்டைமாடியில் ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனவன் வேலையைப் பார்க்கச் சொல்கிறார். அவ்வளவுதான்.

1153-ல் இறந்துபோன பெர்னார்டு என்கிற துறவி இன்னும் ஒரு படி மேலே போகிறார். வருகை இரண்டு இல்லை, மூன்று என்கிறார். முதலாவது பெத்லகேமில். கடைசி வருகை உலகமே பார்க்க. நடுவில் ஒன்று, சத்தமில்லாமல், நம் மனசுக்குள். அதைக் கவனிக்கத் தவறினால் மற்ற இரண்டையும் கொண்டாடிப் பிரயோஜனமில்லை என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

இது வரைக்கும் படிக்க சுகமாகத்தான் இருந்தது. வேலை என்றால் என் வேலை எது என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை நாங்கள் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டு வைப்போம். விவரம் தெரிந்ததும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். சோம்பேறிகள் அதை வருஷக்கணக்கில் அப்படியே இழுப்பார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக. ரூபாய் 9,200.

அப்பா ஆஸ்பத்திரியில் 19 நாள் இருந்தார். அண்ணன் மஸ்கட்டில். லீவு கிடைக்காமல் அல்லாடி, கடைசியில் அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். கூட இருந்தது நான். ராத்திரிகளில் தூக்கம் வராமல், செலவையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். ஊசி, ஸ்கேன், ஆட்டோ, டயப்பர். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அதை அழகாக டைப் அடித்து, கூட்டி, இரண்டால் வகுத்து அண்ணனுக்கு மெயில் அனுப்பினேன். 'உன் பங்கு' என்று தடித்த எழுத்தில் வேறு. அன்று சாயங்காலமே முழுப் பணமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுவான். அந்த நேரம் பார்த்து நான் குளிக்கப் போய்விடுவேன். வாரத்தில் ஒரு நாள் நான் இவ்வளவு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு வாரம் கழித்து, அப்பாவுக்காகக் கட்டிய அட்வான்ஸில் மிச்சம் 18,400 ரூபாய் என் அக்கவுண்ட்டுக்குத் திரும்பி வந்தது. பாதி அண்ணனுடையது. பேசாதவனிடம் எப்படிச் சொல்வது என்று முதல் மாதம். இப்போது சொன்னால் தப்பாக நினைப்பான் என்று ஆறு மாதம். அப்புறம் அது என் பணம் மாதிரியே ஆகிவிட்டது. மறந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேனே, எப்படி மறக்கும்?

இரண்டாம் வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்கிற கட்டுப்பாடு ஃபாதருக்குத்தான், எனக்கில்லை. அதனால் சொல்கிறேன். வழக்கமாக எனக்கு மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடிந்துவிடும். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பூசைக்கு லேட் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, கடைசியில் இதையும் சொன்னேன்.

"பணம் யாருது?" என்றார்.

"அண்ணனுது ஃபாதர்."

"அப்ப பாதிதான் இங்க முடியும். மீதி போன்ல."

"எத்தனை அருள்நிறை மந்திரம் ஃபாதர்?"

"மொதல்ல போன்."

நான் கோழை. வெளியே வந்ததும் முதலில் 9,200 ரூபாயை அவன் அக்கவுண்ட்டுக்கு அனுப்பினேன். பணம் போய்விட்டால் பேச்சு தேவைப்படாது என்று ஒரு நப்பாசை. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி, அம்மா தூங்கின பிறகு, கூப்பிட்டேன்.

"சொல்லு."

"பணம் போட்டிருக்கேன். பாத்தியா?"

"பாத்தேன்."

விவரத்தைச் சொன்னேன். "மூணு வருஷமா என்கிட்டதான் இருந்தது. தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் ஏ.ஸி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம்.

"அந்த லிஸ்ட்ல ஆரஞ்சு எண்பது ரூபான்னு ஒரு வரி போட்டிருந்தே, ஞாபகம் இருக்கா?"

சரி, வருகிறது என்று நினைத்தேன். "அதையெல்லாம் எழுதியிருக்கக் கூடாதுதான். ஏதோ புத்தி கெட்டுப்போய்..."

"அதில்லடா. அப்பா சாப்பிட்டாரா?"

இதற்கு எந்தக் காலத்தில் என்ன எழுதுவது? எங்கள் காலேஜில் சொல்லித் தரவில்லை.

"ரெண்டு சுளை சாப்பிட்டார். கொட்டையைத் துப்பணும்னு கையை நீட்டச் சொன்னார். என் கையிலதான் துப்பினார்."

மறுபடியும் ஏ.ஸி. சத்தம்.

"கிழிச்சுப் போடணும்னுதான் அந்த லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்தேன்" என்றான். "முடியலை. அந்தப் பத்தொம்பது நாள்ல என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். எத்தனை மணிக்கு ஊசி, என்னிக்கு ஸ்கேன், என்னிக்கு ஆரஞ்சு..."

அவனை அவமானப்படுத்திய காகிதம் என்று நான் மூன்று வருஷமாக நினைத்துக் கூசியதைத்தான் அவன் பீரோவில் வைத்து எடுத்து எடுத்துப் படித்திருக்கிறான். ஒரு போன் தூரத்தில்தான் இருந்திருக்கிறான். நான் குளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் டெஸ்பாட்ச் சாமியிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். வழக்கம்போல ஏதாவது குத்தலாகக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "இது பச்சைத்தண்ணியைவிடக் குளிரும் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரி ரசீதைத் தேடப் போய்விட்டார்.

ஹாம்பர்க் நகரத்தில் 1839-ல் விக்கெர்ன் என்கிற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். 'கிறிஸ்துமஸ் எப்ப, எப்ப?' என்று பிள்ளைகள் தொணதொணத்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிற்றுக்குப் பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாளுக்குச் சின்ன மெழுகுவர்த்தியுமாக வைத்து தினம் ஒன்றாக ஏற்றினாராம். இப்போது கோயில்களில் நாங்கள் ஏற்றுகிற நாலு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டில் அதைத் தாம்பாளத்தில் வைத்திருக்கிறோம். என் பெண்தான் ஏற்றுகிறாள். மூன்று ஏற்றியாகிவிட்டது. அம்மா அச்சுமுறுக்குக்கு மாவு அரைக்கச் சொல்லிவிட்டாள், இந்தத் தடவை ஒரு படி கூடுதலாக.

அன்றைக்கு போனை வைப்பதற்கு முன்னால் அண்ணனிடம் கேட்டேன்.

"கிறிஸ்துமஸுக்கு வர்றியா?"

"வர்றேன்."

"என்னிக்கு? எத்தனை மணி ஃப்ளைட்? ஏர்போர்ட்டுக்கு வரணும்ல?"

"லீவு இன்னும் சொல்லலைடா. தெரியாது. வர்றப்ப வர்றேன். நீ வீட்ல இரு."

வீட்டில்தான் இருக்கிறேன்.