ரெண்டு கட்சிக்கும் ஒரே தொண்டை

டி.எம்.எஸ். ரசிகனா இருக்கிறதுல ஒரு வசதி உண்டு. யார்கூடயும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான் சின்னப் பையனா இருந்தப்போ சோழவந்தான் பக்கத்துல எங்க ஊர்ல மனுசங்க ரெண்டே வகைதான். ஒண்ணு எம்.ஜி.ஆர். ஆளு, இல்லைன்னா சிவாஜி ஆளு. எங்க அப்பா முதல் வகை, சித்தப்பா ரெண்டாவது வகை. கல்யாண வீட்ல குழாய் ரேடியோ கட்டினா செட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஒருத்தருக்கு ஒரு பாட்டுன்னு மாத்தி மாத்திப் போடணும்.

ஆனா ரெண்டும் ஒரே தொண்டையில இருந்து வந்ததுதான். 1954-ல தூக்கு தூக்கியில சிவாஜிக்குப் பாடினார், அதே வருசம் மலைக்கள்ளன்ல எம்.ஜி.ஆருக்குப் பாடினார். சிவாஜிக்குன்னா அடிவயித்துல இருந்து கனமா எழும்பும். எம்.ஜி.ஆருக்குன்னா கொஞ்சம் மேல, தொண்டையில நின்னு துள்ளும். படம் பேரு சொல்றதுக்கு முன்னாடியே, முதல் வரியிலயே அப்பா கண்டுபிடிச்சிருவார்.

அவரே முதல்ல ஒரு ரசிகர்தான். தியாகராஜ பாகவதர் மேல அவ்வளவு பிரியம். 1950-ல வந்த கிருஷ்ண விஜயம் பாட்டைக் கேட்டீங்கன்னா பாகவதர் சாயல் நல்லாத் தெரியும். பிறகுதான் தனக்குன்னு ஒரு குரல் வந்துச்சு. 1922-ல மதுரையில பிறந்தவர், வீட்ல பேசுற மொழி சௌராஷ்டிரம். ஆனா எங்களை மாதிரி பத்தாவது, பன்னெண்டாவது படிச்சவங்களுக்கு ‘ழ’ எப்படி ஒலிக்கணும்னு வாத்தியாரை விட நல்லாச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

வரப்புத் தகராறு ஒண்ணுல அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திட்டாங்க. பல வருசம். பக்கத்துப் பக்கத்து பம்புசெட்டு, ரெண்டுலயும் ட்ரான்சிஸ்டர், ரெண்டுலயும் இலங்கை வானொலி. சிவாஜி பாட்டு வந்தா அப்பா சத்தத்தைக் குறைப்பார். எம்.ஜி.ஆர். பாட்டுன்னா சித்தப்பா குறைப்பார். நடுவுல மடை திருப்பிக்கிட்டு நின்ன எனக்கு ஒரு பாட்டும் தப்பாது. இந்தப் பக்கம் குறைஞ்சா அந்தப் பக்கம் கேட்கும். நான் டி.எம்.எஸ். ரசிகன் ஆனது அப்படித்தான்.

2013 மே 25-ல டி.எம்.எஸ். போனார். அதுக்கு முன்னாடியே அப்பா போய்ட்டார். இப்ப சித்தப்பாவுக்கு எண்பது தாண்டியாச்சு. ட்ரான்சிஸ்டர் போய் செல்போன் வந்துருச்சு. எம்.ஜி.ஆர். பாட்டு வந்தாலும் அவர் சத்தத்தைக் குறைக்கிறதில்லை. ஏன்னு நானும் கேட்டதில்லை.

2023 ஆகஸ்ட்ல முனிச்சாலையில டி.எம்.எஸ்ஸுக்குச் சிலை திறந்தாங்க. மறு மாசம் உர மூட்டை வாங்கப் போனப்போ சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னார்.

“உங்கப்பன் இருந்து பாத்திருக்கணும்டா” என்றார்.

மதுரைக்கு வந்தா நீங்களும் அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க.