பிறர் தூரிகையும் நம் கண்ணும்

மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களில் மாணவர் வரைகின்ற இயற்கைக் காட்சி பெரும்பாலும் ஒன்றே. இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன். அடிவாரத்தில் ஒரு சிறு வீடு. வரைகின்ற பிள்ளையோ மலையடிவாரத்திற் பிறந்தவனல்லன். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு தம் நிலத்துக்கு எழுவான்கரை, படுவான்கரை என்று பெயரிட்ட மக்களின் வழிவந்தவன். அவனுடைய சூரியன் கடலில் எழுகின்றது. வாவிக்கு அப்பால் வயல்வட்டைகளுக்குப் பின்னே மறைகின்றது. (குடும்பிமலை இல்லையா எனச் சிலர் வழக்காடக்கூடும். அம்மலையின் வடிவம் அதன் பெயரிலேயே இருக்கிறது, அது முக்கோணமன்று.)

நாம் தமிழ் கற்பிப்பவர், ஓவியர் அல்லோம். எனினும் கட்டுரைக் கொப்பிகளிலும் இதே முக்கோண மலைகளைச் சொல்வடிவிற் கண்டு சலித்தவர் என்ற முறையில் இவ்விடயம் நம்மையும் தொடுகின்றது. பிறர் படத்தைப் பார்த்து வரைவதே பாவம், பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்து விட்டுவிட வேண்டும் என்பர் ஒரு சாரார். பார்த்தபடி வரை, புள்ளி தானே வரும் என்பர் மறு சாரார். இரண்டும் நமக்கு உடன்பாடன்று. பிறரைப் பார்த்ததனால் அம்மலைகள் வரவில்லை. ஒரே ஒரு படத்தை, அதுவும் வரைந்தவர் யாரென்றே தெரியாத ஒரு படத்தை, திரும்பத் திரும்பப் பார்த்ததனால் வந்தன. பசித்த கண்ணுக்கு நாம் இட்ட உணவு அவ்வளவே.

நம் நாட்டு ஓவியர் ஜோர்ஜ் கீற்றை எடுத்துக்கொள்வோம். 1901இல் கண்டியிற் பிறந்து 1993இல் மறைந்தவர். 1943இல் கொழும்பில் உருவான '43 குழுவினருள் ஒருவர். அவரைப் பிக்காசோவின் நிழல் என்று தள்ளியோர் உண்டு. சில படங்களைப் பார்க்கும்போது அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யெனவும் தோன்றவில்லை. ஆனால் 1939, 40ஆம் ஆண்டுகளில் பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் அவர் தீட்டிய புத்தர் வரலாற்றைப் பார்ப்பவர் அவ்வாறு சொல்லத் துணியார். வளைந்தோடும் அக்கோடுகளிற் சிகிரியா இருக்கின்றது, இந்தியக் கோயிற் சிற்பம் இருக்கின்றது, பாரிசும் இருக்கின்றது. மூன்றும் சேர்ந்த இடத்தில் கீற் இருக்கின்றார். ஒருவரிடம் மட்டும் கடன்பட்டவன் அடிமையாகின்றான். பலரிடம் பட்டவனுக்குத் தெரிவு செய்யும் உரிமை வந்துவிடுகின்றது.

அதே குழுவைச் சேர்ந்த மஞ்சுசிறியின் கதை இதனினும் வியப்பானது. பௌத்த துறவியாக வாழ்ந்து, சாந்திநிகேதனம் சென்று பயின்று, பின்னர் துறவாடை களைந்தவர். இலங்கையின் விகாரைதோறும் சென்று, அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பல்லாண்டு காலம் பிரதிசெய்தார். ஊரறியாத கிராமத்துக் கைவினைஞர் வரைந்த தாமரையையும் யானையையும் கோடு பிசகாது பெயர்த்தெழுதிய அதே கைதான், தன் சொந்தப் படங்களில் மரபுக்கு எட்டாத நவீன உருவங்களைத் தீட்டியது. பிரதிசெய்தல் அவரது கற்பனையை மழுக்கவில்லை.

வின்சென்ற் வான் கோவின் செய்தி நம் வகுப்பறைகளுக்கு இன்னும் நெருக்கமானது. 1889, 90இல் சென் ரெமி மனநோய் விடுதியில் இருந்தபோது, உழவரை வரைந்த மில்லேயின் படங்களிலிருந்து ஏறத்தாழ இருபது ஓவியங்கள் தீட்டினார். அவர் கையிலிருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளே. விதைப்பவனின் நடை மில்லேயினுடையது. அரிவாளின் வளைவும் அவருடையதே. மஞ்சளும் நீலமும் வின்சென்றினுடையவை. ஒருவர் இயற்றிய இசையை மற்றொருவர் வாசிப்பது போன்றது இது என்ற கருத்துப்படத் தம்பி தேயோவுக்கு அவர் எழுதியுமிருக்கின்றார். வண்ணப் பதிப்பு வாங்க வசதியற்ற நம் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன?

வசதியின்மை என்பது சிறு சொல்லன்று. நல்ல ஓவியங்களின் மூலப்படிகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டும். பேருந்தில் ஒரு பகலோ ஓர் இரவோ கழியும். வாவியில் வீச்சுவலை எறிந்து பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு நிறப்பெட்டியின் விலை சில வேளைகளில் ஒரு நாட் சமையல். ஆனால் எல்லாமே கொழும்பில்தான் உண்டு என்று எண்ணுவதும் மயக்கமே. கூத்துக் களரியில் அண்ணாவியார் அணிவிக்கும் கரப்புடுப்பைப் பாருங்கள். இருளில் ஒளிரும் அந்த நிறத்துணிவு எந்தப் பாடநூலில் உண்டு? பேராசிரியர் சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றியபோது சிங்கள நாடகமையோடு யப்பானிய அரங்கையும் மனத்திற் கொண்டிருந்தார். பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின்பால் திரும்பி, பேராதனை மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என அளித்தார். நாடகத்திற் செய்யக்கூடியதை ஓவியத்திற் செய்யலாகாதா?

சென்ற ஆண்டு கீற்றின் சில படங்களின் பிரதிகளை வகுப்பிற் சுற்றுக்கு விட்டோம். மீனவக் குடும்பத்துப் பிள்ளையொருத்தி, அந்தத் தடித்த கருங்கோட்டைக் கடன்வாங்கி, தோணியில் நின்று வலையெறியும் தன் தகப்பனை வரைந்தாள். தோள் உடலினும் பெரிது. கை வலையோடு கலந்து கண்ணிகளாகவே முடிகின்றது. போட்டியொன்றுக்கு அனுப்பினோம். உறுப்புகளின் அளவு பிழையென்ற குறிப்போடு படம் திரும்பிற்று. பரிசு பெற்றது எதுவென ஊகிக்க வாசகருக்கு நம் உதவி வேண்டியதில்லை.

குறிப்பை வாசித்தவள், "வலை இழுக்கேக்க அப்பாட தோள் அப்படித்தான் இருக்கும், சேர்" என்றாள். அடுத்த படத்திற் கருங்கோட்டைக் காணவில்லை. கண்ணிகள் மட்டும் இருந்தன; தோணியும் கண்டலும் தண்ணீரும் எல்லாம் வலைக்கண்ணிகளாலேயே வரையப்பட்டிருந்தன. அது எங்கிருந்து எடுத்ததென்று கேட்டோம். வீட்டு முற்றத்தில் வலை பொத்தும்போது அதனூடே பார்ப்பாளாம்.