ஒரு கைப்பிடி முளைப்பயறு

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊர். மகளிர் சுயஉதவிக் குழுவினர் சத்துமாவு தயாரிக்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஊறிய கேழ்வரகின் பச்சை வாசனையும், அதன் மேல் லேசான புளிப்பும் மூக்கில் ஏறுகின்றன. ஒருவர் அண்டாவில் கல் அரிக்கிறார். மேலே மிதக்கும் பொக்கை இன்னொருவர் உள்ளங்கையால் ஒதுக்கி வழித்து எடுக்கிறார். சுவரோரம் பழைய வேட்டித் துணியில் கட்டிய மூட்டைகள், அவற்றின் மேல் ஈரச் சாக்கு. கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் தனித்தனி மூட்டை. சேர்த்துக் கட்டினால் பயறு வால் விட்டு நிற்கும்போது கடலை வாயே திறந்திருக்காது.

நான் தேடிப் போனது மாவை அல்ல. கொட்டகைக்குப் பின்புறம் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் ஒரு முருங்கையும் நிற்கின்றன. கடை உரம் எதுவும் படாத செடிகள். மாட்டெரு, மட்கு, அவற்றோடு கொட்டகையிலிருந்து வரும் முளைத் தானியம், இவ்வளவுதான் அவற்றுக்குத் தீனி. முளைத்த தானியத்தைச் செடிக்குக் கொடுப்பதை இப்போது மாடித்தோட்டக்காரர்கள் பலரும் முயன்று பார்க்கிறார்கள். தினமும் முளை கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கையில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

குழுவில் மூத்தவரை எல்லோரும் பெரியம்மா என்றே அழைக்கிறார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கட்டுக்கு இடையில் விரல்களை நுழைத்து நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார். “உள்ள சூடு இருக்கணும் தம்பி. ஆனா கை பொறுக்கணும். பொறுக்கலைன்னா உடனே கட்டை அவுத்து உதறிப் போடணும், இல்லாட்டி வெந்து நாறிப்போகும்” என்றார். முளைக்கும் விதை வேகமாக மூச்சு விடுகிறது. சேமித்து வைத்த மாவுச்சத்தை எரித்து வளர்கிறது. அந்த எரிப்பின் வெப்பம்தான் விரலில் படுவது. சித்திரை வெயிலில் ஒரு ராத்திரியில் முளை வந்துவிடும். மார்கழியில் இரண்டு ராத்திரி வேண்டும், மூட்டையை அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

மாவுக்கு என்றால் வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். உடனே தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். காய்ந்ததைச் சாக்கில் போட்டுக் கசக்கினால் முளை உதிர்ந்துவிடும். புடைத்தால் தானியம் ஒரு பக்கம், தூசியாக உதிர்ந்த முளை ஒரு பக்கம். வால் நீண்டுவிட்டால் மாவில் கசப்பு ஏறும், வாங்கியவர்கள் மறுமுறை வர மாட்டார்கள். வீட்டில் விசேஷம், கரண்ட் இல்லை, மழை வந்து காய வைக்க முடியவில்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் அவ்வப்போது ஒரு மூட்டை கைமீறிப் போய்விடும். அந்த மூட்டைதான் செடிக்குப் போகிறது. மாவுக்குக் கெட்டது செடிக்குச் சரியான பதம். செடிக்கு முளை ஒரு சென்டிமீட்டர் நீள வேண்டும் என்பதுதான் இயற்கை விவசாயிகள் வைத்திருக்கும் கணக்கு.

அந்தக் கணக்கு சுபாஷ் பாலேக்கரிடமிருந்து வந்தது. மகாராஷ்டிரத்தின் விதர்பாவைச் சேர்ந்த இயற்கை விவசாயியான அவர், 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் சொன்ன ஜீவாமிர்தக் கரைசல் தமிழ்நாட்டில் பரவலாகத் தெரியும். சப்த தானியாங்குர கஷாயம் என்ற ஏழு தானிய முளைக் கரைசல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எள், பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, நரிப்பயறு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகிய ஏழிலும் தலா 100 கிராம் எடுக்க வேண்டும். எள்ளை முதல் நாளே தனியாக ஊற வைத்து, மற்றவற்றை மறுநாள் ஊற வைத்து, முளை கட்டி, துவையலாக அரைத்து, ஊற வைத்த தண்ணீரையும் வீணாக்காமல் சேர்த்து, 200 லிட்டர் தண்ணீரிலும் 10 லிட்டர் மாட்டுக் கோமியத்திலும் கலக்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு இது போதும். 48 மணி நேரத்துக்குள் தெளித்துவிட வேண்டும். தெளிக்கும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கிறது: நெல் போன்றவற்றுக்குப் பால் பிடிக்கும்போது, காய்கறிக்குப் பிஞ்சு நிற்கும்போது, பூச்செடிக்கு மொட்டு விடும்போது.

இதை வீட்டு அளவுக்குக் குறுக்கிப் பார்க்கலாம். 200 லிட்டருக்கு 700 கிராம் என்றால் 10 லிட்டர் வாளிக்கு 35 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. பெரியம்மா கிராம் கணக்கு பார்ப்பவர் இல்லை. ஆனாலும் அவர் வாளிக்குப் போடுவது ஒரு கைப்பிடிதான். நரிப்பயறு கடையில் கிடைப்பதில்லை என்று கொள்ளு சேர்த்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு நாட்டு மாட்டின் கோமியம் கிடைத்தால் அரை லிட்டர் ஊற்றுவார், கிடைக்காவிட்டால் இல்லாமலே விடுவார்.

அன்று அரைத்தது கைமீறிப்போன பச்சைப்பயறு. ஆட்டுக்கல்லில் ஒரு பெண் அதைத் தள்ளித் தள்ளி ஆட்டினார். முதலில் தோல் பிரிந்து பச்சைச் சுருளாக ஒதுங்கியது. பிறகு வெள்ளை வால்கள் நசுங்கி நுரை கட்டின. சூடு ஏறாமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார். மிக்சியில் அரைத்தாலும் விட்டு விட்டுத்தான் ஓட்டுவார்களாம். வாளியில் கரைத்ததும் மேலே வெளிறிய பச்சை நுரை நின்றது. வெள்ளைத் துணியில் வடிகட்டி, திப்பியை மட்குக் குழியில் கொட்டி மண் மூடினார்கள். திப்பியைச் செடியடியில் அப்படியே போட்டால் எறும்பு வரும், எலி வரும், அணில் வந்து தொட்டியைக் கிளறிப் போட்டுவிடும்.

அரைக்கும்போது சூடு படக்கூடாது என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. விதை தண்ணீர் குடித்ததும் அதன் கரு கிப்பெரலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கம்பு, கேழ்வரகு போன்ற தானியங்களில் அது விதையின் வெளியடுக்கைப் போய்த் தட்டுகிறது. அங்கிருந்து அமிலேஸ் என்ற நொதி வெளியேறி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. புரதத்தை உடைக்கும் நொதியும் கூடவே வருகிறது. விதையில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கும். அதைத் திறக்கும் பைட்டேஸ் நொதியும் முளைக்கும்போதுதான் பெருகுகிறது. காய்ந்த பயறை அரைத்து ஊற்றினால் பூட்டிய பெட்டியை மண்ணில் புதைத்த கதைதான், மண்ணில் மட்கி மட்கி அது திறக்க நாளாகும். முளைத்த பயறில் அந்த வேலை பாதி முடிந்திருக்கிறது. நொதிகள் புரதங்கள் என்பதால் சூடு பட்டால் செயலிழந்துவிடும்.

வளரும் விதையில் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. செடிகளில் இயல்பாக இருக்கும் சைட்டோகைனின் வகை ஊக்கியான சியாட்டின், 1963-இல் முற்றாத மக்காச்சோள மணியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரைஸ் குழு, குதிரைமசாலில் இருக்கும் டிரையகான்டனால் பயிர் வளர்ச்சியைத் தூண்டுவதைக் கண்டது. இவற்றைச் சொல்லி ‘ஒரு கைப்பிடி முளைப்பயறில் அதிசயம்’ என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். வாளித் தண்ணீரில் கரைந்த பிறகு ஊக்கியின் அளவு மிகச் சொற்பம். நொதியும் மண்ணில் நீண்ட நாள் தாங்காது, நுண்ணுயிர்கள் அதையே தின்றுவிடும். நைட்ரஜனைப் பார்த்தாலும் அப்படித்தான். 100 கிராம் பச்சைப்பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், அதில் நைட்ரஜன் 4 கிராமுக்குள். இருபது செடிப் பைகளுக்குப் பிரித்தால் பைக்கு 0.2 கிராம். இதை நம்பி மட்கு போடுவதை நிறுத்தினால் செடி வெளுத்துவிடும்.

பலன் வேறிடத்தில் இருக்கிறது. குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் மதுரை நகருக்குள் குடியிருக்கிறார். அவருடைய மாடியில் இருப்பவை எல்லாம் தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகள். தமிழக அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கு ‘நீங்களே செய்து பாருங்கள்’ தளைகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்தப் பைகள் மற்ற ஊர்களிலும் சகஜமாகிவிட்டன. தென்னைநார்க் கழிவு தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், எடையும் குறைவு. ஆனால் அதில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. வயல் மண்ணில் இருக்கும் உயிர்க்கூட்டமும் அதில் இருக்காது. மட்கும் மண்புழு உரமும் கலந்த பிறகு, அதில் குடியேறிய நுண்ணுயிர்களுக்குச் சுலபமாகச் செரிக்கும் சர்க்கரையும் புரதமும் கொஞ்சம் கிடைத்தால் அவை பெருகும். அவை பெருகினால் மட்கு வேகமாக உடைந்து வேருக்கு எட்டும். முளைக் கரைசல் செய்வது இந்த வேலையைத்தான் என்பது என் கணிப்பு. செடியைவிட மண்ணுக்குத்தான் அது சாப்பாடு.

அவர் கத்தரிப் பைகளை இரண்டு வரிசையாக வைத்து ஒரு வரிசைக்கு மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கரைசல் ஊற்றுகிறார். உயரத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மேல் மண்ணைக் கிளறிக் காட்டினார். ஊற்றிய வரிசையில் மட்கு கருத்து உதிரி உதிரியாக இருந்தது, மண்புழுவும் தென்பட்டது. மற்ற வரிசையில் நார் நாராகவே கிடந்தது. “இலையைப் பாக்காதீங்கண்ணே, அடி மண்ணை மோந்து பாருங்க” என்றார். அளவு கூடினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். திப்பியோடு கெட்டியாக ஊற்றிய ஒரு பையில் புளிப்பு நாற்றம் கிளம்பி, வேர் மூச்சுத் திணறி, தக்காளிச் செடி தலை சாய்ந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். கதகதப்பும் ஈரமும் சேர்ந்த முளைத்துணி பாக்டீரியாவுக்கும் உகந்த இடம். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை தொற்றுப் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று பின்னர் தெரியவந்தது. கீரைக்கு அறுவடைக்கு ஐந்து நாள் முன்பு தெளிக்கலாம் என்று பாலேக்கர் முறையில் சொல்வார்கள். கொத்தமல்லி, புதினா போல் பச்சையாகச் சாப்பிடுவதற்கு இலையில் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுவதே நல்லது. விதைப்புக்கென்று பூஞ்சணக்கொல்லி தடவி, சாயம் ஏற்றி விற்கும் விதையையும் முளை கட்டக்கூடாது. மளிகைக் கடைப் பயறு போதும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் பயறைச் செடிக்கு ஊற்ற மனம் வராதவர்கள், வண்டு விழுந்து சமையலுக்கு ஆகாத பயறை எடுத்துக்கொள்ளலாம். முளைக்கரு தப்பியிருந்தால் ஓட்டைப் பயறும் முளைக்கும்.

இந்தப் பெண்களுக்கு முளை கட்டுவது சத்துமாவோடு வந்த பழக்கம் இல்லை. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கிற ஊர் இது. நவதானியத்தை ஊற வைத்து, மாட்டெருவும் ஆட்டுப்புழுக்கையும் வைக்கோலும் பரப்பிய ஓட்டில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து வளர்த்து, கும்மியடித்து, கடைசியில் கண்மாயில் கரைப்பார்கள். எந்த வீட்டு விதை எழும்பி வருகிறது, எது சோடை போகிறது என்பது ஊருக்கே அங்கு தெரிந்துவிடும். பெரியம்மா மூட்டைக்குள் விரல் நுழைத்துச் சூடு பார்க்கும் பக்குவம் அந்த அறையில் பழகியது.

வயலிலும் இந்த முளைக் கரைசலுக்கு உறவுமுறை உண்டு. இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த பலதானிய விதைப்பு அது. சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பொருள், பசுந்தாள் எல்லாவற்றையும் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுவது. ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது. பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டுக்கல்லும் ஒரு வாளியும்.

இப்போது குழுவில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. புடைத்து ஒதுக்கும் முளைத்தூசி புரதம் நிறைந்தது. அதை மட்கோடு கலந்து தொட்டிக்குப் போடலாம் என்று தெரிந்து, மதுரையிலிருந்து சிலர் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கால் கிலோ பொட்டலத்துக்கு ஒரு விலை வைத்துவிடலாம், மாதம் கரண்ட் பில்லுக்காவது ஆகும் என்கிறார் இளையவர். பெரியம்மாவுக்குச் சம்மதமில்லை. “விலை வச்சா அப்புறம் நம்ம முருங்கைக்கு மிஞ்சாதுடீ” என்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பதாகச் சொன்னார்கள்.