பாடியவர் பெயர்

2024 ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டி திக்க ஆரம்பித்தது. ஒரு பாட்டு நன்றாகப் போகும். அடுத்தது நடுவில் நிற்கும். பிறகு பெட்டியையே காணவில்லை என்று போன் சொல்லும். அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும்.

பாட்டுப் பெட்டி என்று நாங்கள் சொல்வது ஒரு மியூசிக் சர்வர். சோப்பு டப்பா அளவில் ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினி, அதில் செருகிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கூடத்தில் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். போனில் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் கூடத்தில் ஒலிக்கும். இன்டர்நெட் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். 2016இல் அண்ணன் அமைத்துக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார்.

“அதான் எல்லாப் பாட்டும் யூடியூப்ல இருக்கே, தூக்கிப் போடு” என்றார் கணவர். எல்லாப் பாட்டும் இருக்கிறது. அம்மா பாடியது இல்லை.

1991இல் அத்தை மகளின் வளைகாப்பில் அம்மா பாடிய ஏழு பாட்டுகளை அப்பாவின் டேப் ரிகார்டரில் யாரோ பதிந்தார்கள். அண்ணன்தான் அவற்றை எம்பி3 ஆக மாற்றினார். பிறகு கேசட்டில் பூஞ்சை பிடித்து, நாடா ஒட்டிக்கொண்டு, ஒரு போகியன்று குப்பையோடு போய்விட்டது. 2019இல் அம்மாவும் போய்விட்டார். அந்தக் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் திக்கிக்கொண்டிருந்த இந்த டிஸ்க்.

அண்ணனுக்கு போன் செய்தேன். “நீ எதையும் தொடாத பாப்பா. டிசம்பர்ல வந்து நான் பாத்துக்கறேன்” என்றார். செங்கல்பட்டில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். “வீட்ல சார் இருந்தா அனுப்புங்க மேடம், அவர்கிட்ட சொன்னா புரியும்.”

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் திரும்பி வரும்போது பெட்டி மடியில் இருந்தது. இருபது வருடமாகத் தையல் மெஷினைப் பிரித்து, பஞ்சு எடுத்து, எண்ணெய் விட்டு மாட்டுகிறேன். மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றுகிறேன். அடைத்த கேஸ் பர்னரை ஊசியால் குத்திச் சரிசெய்கிறேன். இதையெல்லாம் வீட்டில் யாரும் ரிப்பேர் என்று சொன்னதில்லை, வீட்டு வேலை என்றுதான் சொல்வார்கள். அப்படியென்றால் இதுவும் வீட்டு வேலைதான் என்று முடிவு செய்தேன்.

எளிதானதிலிருந்து தொடங்கினேன். முதலில் கரண்ட். பெட்டியை டிவியில் இணைத்ததும் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வந்தது. மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. ராஸ்பெரி பை 3க்கு 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். எப்போதோ பழைய அடாப்டர் செத்தபோது, ஒரு ஆம்பியர் மட்டுமே தரும் போன் சார்ஜரை நாங்கள்தான் மாட்டியிருக்கிறோம். அதில்தான் ஹார்ட் டிஸ்கும் சுற்ற வேண்டியிருந்தது. சரியான அடாப்டர் வாங்கியதும் பெட்டி காணாமல் போவது நின்றது.

அடுத்தது இணைப்பு. எங்கள் வீடு டச்சுக் கோட்டைக்குப் பின்னால் இருக்கிறது. கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும். யுஎஸ்பி முனையைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சில பாட்டுகள் அதே இடத்தில்தான் நின்றன. எல்லாப் பாட்டும் திக்கினால் கரண்டையோ கம்பியையோ சந்தேகிக்கலாம். குறிப்பிட்ட பாட்டு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் டிஸ்க் கெடுகிறது என்று அர்த்தம். எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண் தன் லேப்டாப்பைக் கொடுத்தாள். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கைப் படித்தோம். படிக்க முடியாத பகுதிகள் 112.

சாகப்போகும் டிஸ்கிலிருந்து சாதாரணமாகக் காப்பி எடுக்கக் கூடாது. கெட்ட இடத்தில் முட்டி முட்டியே அது செத்துப்போகும். இதற்கென்று ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்டதைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை வந்தோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய், பழைய டிஸ்க் நின்றுவிட்டது. விடியற்காலை கரண்ட் வந்ததும் அந்தக் குறிப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மறுநாள் மதியம் முடிந்தது. ஆறு பாட்டுகள் முழுதாகக் கிடைத்தன. ஏழாவதில் 11 விநாடி கிடைக்கவில்லை.

எடுத்ததைப் பத்திரப்படுத்தப் புதிய ராஸ்பெரி பை 4, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, அதற்கென்றே உள்ள அடாப்டர் வாங்கினேன். பாட்டு வழங்கும் மென்பொருளுக்கும் வயதாகியிருந்தது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனத்தில் பிறந்து, 2006இல் லாஜிடெக் கைக்குப் போனது அது. இதற்கான ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளை அந்த நிறுவனம் 2012இல் நிறுத்திவிட்டது. ஆனால் மென்பொருளின் மூலநிரல் திறந்தே இருந்ததால் தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து பராமரித்தார்கள். 2024இல் லிரியன் என்று பெயரும் மாற்றினார்கள். அதை நிறுவி, பாட்டுகளை மறுபடி பட்டியலிடச் சொன்னேன்.

பட்டியல் வந்தது. பாடகர் வரிசையில் அப்பாவின் பெயர் இருந்தது. அதன் கீழ் ஏழு பாட்டுகள்.

அப்பா பாடியதே கிடையாது. எட்டு வருடமாக ‘வளைகாப்பு’ என்ற ஆல்பத்தைத் தொட்டுத்தான் கேட்டு வந்தோம். பாடகர் பெயரை யாரும் பார்க்கவில்லை. கேசட் உறையின் மேல், கேசட் அப்பாவுடையது என்பதற்காக, அவர் பெயர் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அண்ணன் எம்பி3 ஆக மாற்றும்போது, பாடகர் என்ற கட்டத்தில் அதையே தட்டியிருக்கிறார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கட்டம் ஒரு பெயர் கேட்டது, கைக்குக் கிடைத்தது அப்பா பெயர். வீட்டு வரி ரசீதிலும் மின் இணைப்பிலும் இருந்ததும் அதுதானே.

பெயர் எழுதும் அந்தக் கட்டத்தைப் பற்றிப் படித்தேன். எம்பி3 கோப்பின் வாலில் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் சேர்க்கும் ஐடி3 முறை 1996இல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து இடம், அதுவும் ரோமன் எழுத்துகளை மனதில் வைத்து. யூனிகோட் வந்த பிந்தைய வடிவங்களில்தான் தமிழ்ப் பெயர் ஒழுங்காக உட்கார்ந்தது.

ஆனால் பெயர்ச் சிக்கல் அதைவிடப் பழையது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இசைத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாயின. பாடியது யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய அதுதான் வழி. 1949இல் ‘மஹால்’ படப் பாட்டின் முதல் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயர் இல்லை. படத்தில் வரும் காமினி என்ற கதாபாத்திரத்தின் பெயர்தான் பாடகி இடத்தில் இருந்தது. லதாவுக்கே அந்த நிலை என்றால், சதுரங்கப்பட்டினத்தில் வளைகாப்புக்குப் பாடிய ஒருத்திக்கு?

பதிவின் கடைசியில், பாட்டு முடிந்த பிறகு, ஒரு பெண் குரல் கேட்கும்: “பாடுனது யாருன்னு சொல்லுக்கா.” அம்மா சிரிக்கிறார். “அதெல்லாம் எதுக்கு, நிறுத்து.” டக்கென்று பட்டன் சத்தம். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அந்தச் சிரிப்புக்காக மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. உப்புக்காற்றில் நூற்றாண்டுகள் கிடந்தும், செதுக்கிய பெயர்களைக் கல்லில் இன்னும் படிக்கலாம். சின்ன வயதில் அவற்றை விரலால் தடவி விளையாடியிருக்கிறேன். அன்று மாலை ஏழு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பாடகர் கட்டத்தில் அம்மாவின் பெயரைத் தமிழில் தட்டினேன். அப்பா பெயரை முழுதாக எடுத்துவிடவில்லை. குறிப்புக் கட்டத்தில், டேப் ரிகார்டர் அவருடையது என்று எழுதினேன். பிறகு மூன்று பிரதிகள் எடுத்தேன். ஒன்று பெட்டியில், ஒன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில், ஒன்று அத்தை மகள் வீட்டில்.

டிசம்பரில் அண்ணன் வந்தார். பட்டியலைப் பார்த்தார். “கேசட்ல அப்பா பேருதான இருந்துச்சு” என்றார். “ஆமாண்ணா” என்றேன். ஏழாவது பாட்டைப் போட்டோம். அந்த 11 விநாடி வந்ததும் இருவரும் நிமிர்ந்தோம். அங்கே என்ன வரி வரும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அத்தை மகளுக்கு போன் செய்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. வளையல் அடுக்கியபடி உட்கார்ந்து கேட்டவள் அவள்தானே. கூச்சப்பட்டுக்கொண்டே இரண்டு வரி பாடினாள். பதிந்துகொண்டேன். அம்மாவின் பாட்டுக்கு நடுவில் அதை ஒட்டவில்லை. தனிக் கோப்பாகவே சேர்த்தேன். பாடகர் கட்டத்தில் அவள் பெயர் இருக்கிறது.